ஊணும் உயிர்ப்பும்

உண்ணாமல் ஒருவன் பல நாள் உயிர் தாங்கலாம். நீர் பருகாமற் சில நாள் தாங்கலாம். மூச்சு நின்றாற் சில நிமிடமேனும் தாங்குதல் அரிது. இஃது எல்லாரும் அறிந்ததே. ஆயின், வாய்வழிச் செல்லும் சோற்றுக்கும் மூக்குவழிச் செல்லும் காற்றுக்கும் உடம்பினுள்ளே என்ன உறவு என்று வினவின், கற்றவரும் சற்றுத் தயங்குவர். சோறு இரைப்பைக்குச் செல்கின்றது. காற்று நுரையீரலுக்குச் செல்கின்றது. வெவ்வேறு வாயில்களாற் புகுந்த இவ்விரண்டும் எவ்விடத்திற் சந்திக்கின்றன? சந்தித்து என்ன செய்கின்றன? அச்சந்திப்புச் சிறிது தடைப்படினும் உயிர் ஏன் பதைபதைக்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அவ்விடையை, இலக்கியப் பக்கம் படிக்கும் அன்பர்க்கும் விளங்குமாறு தமிழிற் கூறிப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பார் உளராகலாம். இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, நம் மொழியே இவ்வினாவை எழுப்புகின்றது. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்பது பொருள். உயிர்ப்பு என்பதும் மூச்சே. உயிரின் பெயரும் மூச்சின் பெயரும் ஓர் அடியிலிருந்து கிளைத்த மொழி நம்முடையது. அவ்விரண்டையும் பிணைக்கும் கயிறு யாது என்று அறிய முனைதல் சொல்லாராய்ச்சியின் பாற்பட்டதேயன்றி அதற்குப் புறம்பானதன்று. இரண்டாவது, யான் ஆசிரியனாயிருக்கும் மாங்கேணி, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரச் சாலையில், காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே உள்ள சிற்றூர். இத்தகைய ஊர்களில் விஞ்ஞான நூலிலே விளங்காத சொல் ஒன்று வந்தால், மாணவர் அதனைத் தமிழாசிரியனிடமே கொண்டுவருவர். “ஐயா, இழைமணி எண்டா என்ன? நூலில கோத்த மணியா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அக்கேள்விக்குச் சொற்பொருள் மட்டும் சொல்லி அமைதல் இயலாது. பொருளையும் கற்றே தீரவேண்டும்.

கலம் என்னும் சொல்

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் அறைகள் போன்ற சிறு சிறு அறைகள் தோன்றின. சிற்றறை என்று பொருள்படும் சொல்லால் அவர் அவற்றை அழைத்தார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். உயிருள்ள கலம் வெற்றறையன்று என்பது பின்னரே தெரியவந்தது.

இதனை ஈழத்துப் பாடநூல்கள் கலம் என்று வழங்குகின்றன. தமிழகத்தார் செல் என்றும், சிலர் உயிரணு என்றும் எழுதுவர். கலம் என்பது பாத்திரம், நெல் அளக்கும் அளவு, கடலிற் செல்லும் மரக்கலம், அணியுங் கலம். இவற்றுள் பாத்திரம் என்னும் பொருளும் மரக்கலம் என்னும் பொருளும் இங்கே நன்கு பொருந்துகின்றன. ஒவ்வொரு கலமும் மெல்லிய மென்சவ்வாற் சூழப்பட்ட பாத்திரம். அன்றியும், நீர் உள்ளே புகாது காத்தும், வேண்டுவன ஏற்றியும், வேண்டாதன இறக்கியும் செல்லும் தோணி. தோணி ஓடுதற்குத் துடுப்பு வலிப்பான் ஒருவன் வேண்டுமல்லவா? அவ்வலிமை எங்கிருந்து வருகின்றது என்பதே நம் வினா.

ஆக்கமன்று, மாற்றம்

கலங்கள் சக்தியை உற்பத்தி செய்கின்றன என்று எழுதுதல் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்கள் இச்சொற்றொடரைச் சற்று எச்சரிக்கையுடன் ஆளுதல் நன்று. எக்கலமும் சக்தியைப் புதிதாகப் படைப்பதில்லை. ஒரு வடிவிலிருந்ததை மற்றொரு வடிவுக்கு மாற்றுகின்றது, அவ்வளவே.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையுடையது. நம் கீழ்த்திசைக் கடலோடு தொடர்புடையது. 1840ஆம் ஆண்டில் யூலியசு இராபர்ட் மேயர் என்னும் செருமானிய மருத்துவர் ஒல்லாந்தர் கப்பலொன்றிற் பணிபுரிந்து சாவகத் தீவை அடைந்தார். நோயுற்ற மாலுமிகளுக்கு நாளத்தைக் கீறிக் குருதி வாங்குதல் அக்கால மருத்துவ முறை. நாளக் குருதி கருஞ்சிவப்பாக இருத்தல் இயல்பு. அங்கே வந்த குருதியோ நல்ல செந்நிறமாயிருந்தது. நாடியையே தவறிக் கீறிவிட்டேனோ என்று மேயர் திகைத்தார். பின்னர்ச் சிந்தித்துத் தெளிந்தார். வெப்பநாட்டிலே உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ள மிகுதியாக எரிக்க வேண்டுவதில்லை; ஆதலாற் குருதியிலுள்ள ஒட்சிசன் குறைவாகவே செலவாகின்றது. உணவு, வெப்பம், உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றன் மாற்றுருவே என்னும் கருத்து அவர் உள்ளத்தில் உருப்பெற்றது. 1842இல் அதனை அவர் வெளியிட்டார். சக்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை என்னும் பெருவிதியின் தொடக்கங்களுள் இஃது ஒன்று.

இல்லாதது தோன்றாது, உள்ளது முற்றாய் அழியாது என்னும் சற்காரியவாதம் நம் தத்துவ நூல்களிற் பயின்றது. அதனால், மேயர் கண்டதை நம் முன்னோர் முன்னரே கண்டுவிட்டனர் என்று முழங்குவார் உளர். அது முறையன்று. அவர்கள் ஆராய்ந்தது உலகத்தோற்றத்தின் காரணகாரியம். இவர் ஆராய்ந்தது நிறுத்தும் அளந்தும் காணத்தக்க வெப்பம். நம் மரபு அளிக்கும் பயன் வேறு: இத்தகைய எண்ணத்தை ஏற்கும் பக்குவத்தை நம் மாணவர் உள்ளத்துக்கு அது தருகின்றது. அவ்வளவிற் பெருமை கொள்ளல் சாலும்.

இலையின் அடுக்களை

உயிர்கள் யாவும் செலவிடும் சக்தியின் பெரும்பகுதி ஞாயிற்றிலிருந்து வருவது. அதனை நேரே வாங்கவல்லவை பச்சை நிறப் பயிர்களும் பாசிகளும் சில பற்றீரியாக்களுமே.

1771இல் யோசேப்பு பிரீசிலி என்னும் ஆங்கிலேயர், மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றினுள்ளே புதினாச் செடியின் கிளையொன்றை வைத்தார். சில நாட் கழிந்தபின் அக்காற்றில் மெழுகுதிரி மீண்டும் எரிந்தது. செடி காற்றைத் திருத்தியது எவ்வாறு என்பது அவர்க்கு முற்றும் விளங்கவில்லை. 1779இல் இஞ்சனௌசு என்னும் ஒல்லாந்து மருத்துவர், அவ்வாறு திருத்தற்கு வெயில் வேண்டும் என்றும், பச்சை உறுப்புகளே அதனைச் செய்யும் என்றும், இருளிலே செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கும் என்றும் நிறுவினார்.

இலையின் கலங்களுள்ளே பச்சையவுருமணி என்னும் நுண்ணுறுப்புகள் உள. அவற்றிலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றுகின்றது. பற்றிய ஒளியின் வலியால் முதலில் நிகழ்வது நீர் பிளக்கப்படுதல். நீரிலிருந்து இலத்திரன்கள் பறிக்கப்படுகின்றன. ஒட்சிசன் கழிவாய் வெளியேறுகின்றது. காற்றிலிருந்து உட்கொண்ட காபனீரொட்சைட்டு இரண்டாய்ப் பிரிந்து ஒட்சிசனைத் தருகின்றது என்றே நெடுநாள் கருதியிருந்தனர். 1941இல் இரூபனும் கேமனும் கனமான ஒட்சிசனை அடையாளமாக வைத்து ஆராய்ந்து, இலை விடும் ஒட்சிசன் நீரிலிருந்தே வருவது என்று காட்டினர். பறித்த இலத்திரன்களையும் அவற்றாற் பெற்ற சக்தியையும் கொண்டு, இலை காபனீரொட்சைட்டை வெல்லமாகக் கட்டுகின்றது. இக்கட்டுமானத்தின் படிகளைக் கண்டறிந்த மெல்வின் கல்வினுக்கு 1961இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

மாணவர் மயங்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. பகலிற் செடி ஒளித்தொகுப்புச் செய்யும், இரவிற் சுவாசிக்கும் என்று எழுதிவிடுகின்றனர். செடி இரவும் பகலும் ஓயாது சுவாசிக்கின்றது. பகலிலே ஒளித்தொகுப்பு மிகுதலின் சுவாசம் புறத்தே தெரிவதில்லை. புளியமரத்தின் கீழ் இரவில் உறங்கலாகாது என்பர் முதியோர். மரம் விடும் காபனீரொட்சைட்டால் தீங்கு வரும் என்று அதற்குக் காரணம் கூறுதல் பொருந்தாது. 

இழைமணியும் அதன் அடுப்பும்

இனி விலங்கின் பக்கம் வருவோம். பிரெஞ்சு அறிஞர் இலவாசியே, 1780களில், எலியினமொன்றைப் பனிக்கட்டியாற் சூழ்ந்த கலத்துள் வைத்து, உருகிய நீரை நிறுத்து, அவ்வுயிர் விட்ட வெப்பத்தை அளந்தார். சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்பது அவர் முடிபு. அம்முடிபு சரியானது, அவ்வெரிதல் நிகழும் இடமே தெரியாதிருந்தது. நுரையீரலில் என்று அவர் எண்ணினார். அது நுரையீரலிலன்று, உடம்பின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் நிகழ்கின்றது என்பது பின்வந்தோர் கண்டது.

1898இல் பெண்டா என்னும் செருமானியர் கலத்தினுள்ளே நூல் போன்றும் மணி போன்றும் தோன்றிய உறுப்புகளுக்குக் கிரேக்கச் சொல் இரண்டைச் சேர்த்து மைற்றோகொண்டிரியா என்று பெயரிட்டார். முற்பகுதிக்கு நூல் என்பதும் பிற்பகுதிக்கு மணி என்பதும் பொருள். நம் மாணவி “நூலில கோத்த மணியா?” என்று வினவியது பிழையன்று, பெயரிட்டவர் கருத்துக்கு அணித்தே சென்றிருக்கின்றாள்.

நாம் உண்ட சோறு குளுக்கோசு என்னும் வெல்லமாகிக் குருதிவழிக் கலத்தை அடைகின்றது. அங்கே மூன்று கட்டமாக அது பிரிக்கப்படுகின்றது. முதற்கட்டம் குழியவுருவில், பத்துப் படிகளில் நிகழும். ஆறு காபன் உடைய வெல்லம் மும்மூன்று காபன் உடைய இரண்டு துண்டாகும். இதற்கு ஒட்சிசன் வேண்டாம். கிடைக்கும் ஊதியமும் சிறிது. இரண்டாங் கட்டம் இழைமணியினுள்ளே, 1937இல் கிரெப்சு கண்ட வட்டத்திலே நடைபெறும். அங்கே காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகக் கழிய, இலத்திரன்கள் பிரித்தெடுக்கப்படும். மூன்றாங் கட்டத்தில் அவ்விலத்திரன்கள் இழைமணியின் உண்மென்சவ்வில் வரிசையாய் நிற்கும் புரதங்களின் கைமாறிக் கைமாறிச் சென்று, இறுதியில் ஒட்சிசனை அடைகின்றன. ஒட்சிசன் அவற்றை ஏற்று, புரோத்தன்களோடு கூடி, நீராகின்றது.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. சோறும் காற்றும் சந்திக்கும் இடம் இழைமணியின் உண்மென்சவ்வு. சோற்றிலிருந்து வந்த இலத்திரனைக் காற்றிலிருந்து வந்த ஒட்சிசன் அங்கே ஏற்றுக்கொள்கின்றது. ஆதலால் நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டாக வெளிவருகின்றது என்று எண்ணுதலும் தவறு. அது நீராகவே முடிகின்றது. பச்சையவுருமணி நீரைப் பிளக்கின்றது; இழைமணி நீரை மீளக் கூட்டுகின்றது. பிளத்தற்கும் கூட்டற்கும் இடையிலேதான் பயிரும் உயிரும் வாழ்கின்றன.

இழைமணி விலங்குக்கே உரியதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. செடிக்குப் பச்சையவுருமணியும் உண்டு, இழைமணியும் உண்டு. சமைப்பதும் தானே, உண்பதும் தானே. விலங்குக்கு அடுக்களை இல்லை. உண்கலம் மட்டுமே உண்டு.

சுப்பாராவ் கண்ட நாணயம்

எரிதலால் வரும் சக்தி வெறும் வெப்பமாய்ப் போய்விட்டாற் பயனில்லை. வேண்டிய இடத்தில் வேண்டியபோது செலவிடத்தக்க சில்லறைக் காசாக அதனை மாற்றவேண்டும். அக்காசின் பெயர் அடினோசீன் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரீ.பி. மூன்று பொசுபேற்றுகள் வரிசையாகத் தொங்கும் மூலக்கூறு அது. ஈற்றிலுள்ளது நீங்கும்போது கலம் தன் வேலைக்கு வேண்டிய சக்தியைப் பெறுகின்றது. பின்னர் உணவின் சக்தியால் அவ்வீற்றுப் பொசுபேற்று மீண்டும் கோக்கப்படுகின்றது. மனிதனுடம்பில் ஒரு வேளையில் உள்ள ஏ.ரீ.பி. ஏறக்குறைய 50 கிராம். ஆயினும் ஒரு நாளிற் செலவாவது அவன் உடல் நிறையளவு. ஒரே காசு ஒரு நாளில் ஆயிரம் தடவையளவிற் கைமாறுகின்றது என்க.

இதனை 1929இற் கண்டறிந்தோர் இரு திறத்தார். செருமனியில் கார்ல் லோமன்; அமெரிக்காவில் ஆர்வட் பல்கலைக்கழகத்திற் சைரசு பிசுக்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் 1895இற் பீமவரத்திற் பிறந்த தெலுங்கர். சென்னையிற் கல்வி கற்றவர். இளமையில் இராமகிருஷ்ண இயக்கத்திற் சேர்ந்து துறவு பூண விழைந்தார், அது நிறைவேறவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயில்கையில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதனிற் குறைந்த தகுதிச் சான்றே பெற்றார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 1923இற் பொசுடன் நகர் சென்றார். பொசுபரசை நிற வேறுபாட்டால் அளக்கும் முறை ஒன்றைப் பிசுக்கோடு சேர்ந்து 1925இல் வகுத்தார். அம்முறை உலகெங்கும் பரவியது. அதனைக் கொண்டே தசையிலுள்ள பொசுபேற்றுப் பொருள்களை ஆராய்ந்து ஏ.ரீ.பி.யை அடைந்தனர். பின்னாளில் மருந்தாராய்ச்சியிற் புகுந்த அவர், 1948இற் காலமானார். அவர் குழுவினர் ஆக்கிய மருந்தொன்று அவ்வாண்டே குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை முதன்முதலாகத் தணித்துக் காட்டியது. உயிரெல்லாம் வழங்கும் நாணயத்தைக் கண்டவருள் ஒருவர் சென்னைத் தெருக்களில் நடந்த மாணவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

முகத்துவாரமும் மிச்செலும்

இலத்திரன் கைமாறுதலால் ஏ.ரீ.பி. எங்ஙனம் கோக்கப்படுகின்றது? இவ்வினா நெடுநாள் அறிஞரைத் திகைப்பித்தது. இடையிலே யாதேனும் ஓர் இரசாயனப் பொருள் இருத்தல் வேண்டும் என்று தேடித் தேடிச் சலித்தனர். 1961இற் பீற்றர் மிச்செல் என்னும் ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார்.

அவர் சொன்னதை மட்டக்களப்பார்க்கு விளக்குதல் எளிது. மாரிகாலத்தில் ஆறுகள் களப்பை நிரப்பும். முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்திருந்தால், களப்பின் நீர் கடலினும் உயர்ந்து நிற்கும். அவ்வுயரமே ஒரு வலிமை. முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் நீர் எத்தகைய விசையோடு பாயும் என்பது நாம் அறிந்தது. அப்பாய்ச்சலில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். இழைமணியில் இலத்திரன்கள் கைமாறுந்தோறும் புரோத்தன்கள் உண்மென்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைக்கப்படுகின்றன. அங்கே அவை களப்பு நீர்போல் தேங்கி நிற்கின்றன. மீண்டு வர அவற்றுக்கு உள்ள தலையாய வாயில் ஒரு நொதியம். அதனூடு அவை பாயும்போது அந்நொதியத்தின் ஒரு பகுதி மெய்யாகவே சக்கரம்போற் சுழல்கின்றது, அச்சுழற்சியால் ஏ.ரீ.பி. கோக்கப்படுகின்றது.

மிச்செலின் கூற்றை முதலிற் பலரும் ஏற்றிலர். அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, கோண்வால் நாட்டிலே பழைய மாளிகை ஒன்றைத் திருத்தி, அங்கே ஆராய்ச்சி நடத்தினார். 1978இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. சுழலும் நொதியத்தின் இயல்பை விளக்கிய போயரும் வாக்கரும் 1997இல் அப்பரிசிற் பங்கு பெற்றனர். பச்சையவுருமணியிலும் இதே வகைச் சக்கரமே உண்டு. கண்டலிலையிலும் களப்பு இறாலிலும் அதனைப் பிடிக்கும் கையிலும் ஒரே பொறி சுழல்கின்றது.

இஃது ஏன் என்பதற்கும் விடை உண்டு. இழைமணியும் பச்சையவுருமணியும் ஆதியிலே தனித்து வாழ்ந்த பற்றீரியாக்கள், பிறிதொரு கலத்துட் புகுந்து குடியமர்ந்தவை என்று 1967இல் இலின் மாகுலிசு எடுத்துரைத்தார். முதலில் மறுக்கப்பட்ட அக்கொள்கை இன்று நிலைபெற்றுவிட்டது. இழைமணிக்குத் தனக்கென மரபுப்பொருள் உண்டு. அது மனிதரிற் தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவதை அறிந்த மாணவருக்கு இதனை நினைவிற் கொள்ளுதல் எளிது. ஒப்புமை நினைவுக்குத் துணையே. ஒன்றற்கு மற்றொன்று சான்றன்று.

காற்று இல்லாவிடத்து

ஒட்சிசன் கிடையாவிடிற் கலம் உடனே மடிந்துவிடுவதில்லை. முதற்கட்டத்துச் சிறு ஊதியத்தோடு சில உயிர்கள் காலந்தள்ளும். ஒரு குளுக்கோசுக்கு அங்கே கிடைப்பது இரண்டு ஏ.ரீ.பி.; காற்றோடு முற்றாய் எரித்தாற் கிடைப்பது 30 அல்லது 32. பழைய பாடநூல்களில் 36 என்றும் 38 என்றும் இருக்கும். மென்சவ்வினூடு ஏற்றியிறக்கும் செலவைக் கழித்து இன்று இவ்வாறு கணக்கிடுகின்றனர்.

தென்னம்பாளையிலிருந்து இறக்கிய இனிய நீர் சில மணி நேரத்திற் பொங்கிக் கள்ளாதல் காற்றின்றிய சுவாசத்தின் விளைவு. மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தைப் பாதியிற் பிரித்து அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் கழிக்கின்றது. அப்பமாவிலே கள் சேர்த்தால் மா பொங்குவதும் அவ்வாயுவினால். உயிருள்ள மதுவமே இதனைச் செய்யவல்லது என்றிருந்த கருத்தை, 1897இற் புக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாற்றாலேயே புளிப்பித்துக் காட்டி மாற்றினார். நொதியங்களின் ஆராய்ச்சி அங்கிருந்து பெருகியது.

களப்போரத்துச் சேற்றிலே ஒட்சிசன் மிக அரிது. அங்கே நிற்கும் வெண்கண்டலின் வேரும் உயிர்க்கவேண்டுமல்லவா? ஆதலால், சேற்றின் மேலே எழுதுகோல் நட்டாற்போல் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை அது நிமிர்த்துகின்றது. நுண்டுளைகளாற் காற்று உட்புகுந்து வேரை அடைகின்றது. அவ்வேர்கள் மண்ணால் மூடப்பட்டால் மரம் பட்டுப்போகும், கோடரி வேண்டுவதில்லை. களப்போரத்தில் மண் கொட்டி நிரப்புவோர் மரத்தை வெட்டவில்லையே என்று கூறித் தப்பவியலாது. மூக்கை அடைத்தலும் கொலையே. நீரிற் பாசி அளவின்றிப் பெருகினும் இத்தகைய கேடு வரும். இரவு முழுதும் பாசியும் அதன் அழுகலும் ஒட்சிசனைக் குடித்துவிட, வைகறையிலே மீன்கள் மேலெழுந்து வாய் பிளக்கும். வலைஞர் அறிந்த காட்சி அது. காரணம் அறிந்தார் சிலரே.

மரவள்ளிச் சட்டி

1970களில் இந்நாட்டில் அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஏழை வீடுகளிலே மரவள்ளியே உணவாயிற்று. யான் அப்போது சிறுவன். எங்கள் வீட்டு முதியவள் அடுப்படியில் நின்று இடையறாது சொல்லிய சொல் ஒன்று: “புள்ள, மரவள்ளி அவிக்கக்குள்ள சட்டிய மூடாத.” ஏன் என்று கேட்டால், “நஞ்சு போகட்டும்” என்பாள். அதற்கு மேல் அவள் அறியாள்.

மரவள்ளிக் கிழங்கை வெட்டியோ இடித்தோ கலங்களைச் சிதைக்கும்போது, அதிலுள்ள ஒரு பொருளிலிருந்து ஐதரசன் சயனைட்டு பிறக்கின்றது. அது ஏறக்குறைய 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகவல்லது. சட்டி திறந்திருந்தால் ஆவியோடு நீங்கும். மூடியிருந்தால் மீண்டும் நீரிற் சேரும். தோலில் நஞ்சு மிகுதி. ஆதலாற் தோலை நன்றாக நீக்கி, துண்டாக்கி, நீரில் ஊறவிட்டு, திறந்து அவித்து, அவித்த நீரை வடித்துவிடுதல் வேண்டும்.

சயனைட்டு செய்யும் தீமை யாது? இலத்திரன்களை ஒட்சிசனிடம் கையளிக்கும் ஈற்றுப் புரதத்தைப் பற்றிப் பிடித்து, அக்கையைக் கட்டிவிடுகின்றது. மூச்சு உள்ளே செல்கின்றது, குருதியில் ஒட்சிசன் நிறைந்திருக்கின்றது, உணவும் இருக்கின்றது. ஆயினும் இரண்டும் சந்திக்கமாட்டா. நிறைந்த களஞ்சியத்தின் முன்னே கலம் பட்டினியால் மடிகின்றது. மரவள்ளி உண்ட பிள்ளைக்குத் தலைச்சுற்றும் வாந்தியும் மூச்சுத்திணறலும் கண்டால், கைவைத்தியம் பாராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டோடுதல் வேண்டும்; சயனைட்டைப் பற்றி நீக்கும் மாற்றுமருந்துகள் உண்டு. உண்மென்சவ்விலே நிகழும் ஒரு கைமாற்றத்தைப் பாடநூலிற் படித்துப் புள்ளி பெற்றால் மட்டும் போதாது. அடுப்படியில் அதனை அறிந்தவர் இருத்தல் வேண்டும். முதியவளின் சொல்லைக் காத்ததும் அறிவே. அச்சொல்லின் காரணத்தை அறிந்துகொண்டால் அடுத்த தலைமுறை அதனை மூடநம்பிக்கை என்று எறிந்துவிடாது.

இரு கரைச் சொற்கள்

இவ்வளவும் தமிழிற் சொல்ல இயன்றமைக்கு நாம் பலருக்குக் கடமைப்பட்டுள்ளோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவரச் செய்தார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. யாழைப் பற்றி ஆராய்ந்த கையே இரசாயனச் சொற்களையும் ஆராய்ந்தது என்பதைத் தமிழாசிரியர் மறத்தலாகாது.

இன்று இரு கரையிலும் சொற்கள் வேறுபட்டு நிற்கின்றன. நாம் ஒட்சிசன் என்பதை அவர் ஆக்சிஜன் என்பர். நம் நொதியம் அவர்க்கு நொதி. நம் பச்சையவுருமணி அவர்க்குப் பசுங்கணிகம். நம் ஒளித்தொகுப்பு அவர்க்கு ஒளிச்சேர்க்கை. தமிழக நூலொன்று கிடைத்தால் நம் மாணவர் அதனை வேற்றுமொழி போல நோக்கித் தயங்குகின்றனர். அவர்களும் நம் நூல்களை அவ்வாறே நோக்குவர். எது சிறந்த சொல் என்னும் வழக்கை யான் எழுப்பவில்லை. பசுங்கணிகம் செவிக்கு இனிது. இழைமணி பொருளை உள்ளபடி காட்டுவது. இரண்டு வழக்கையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுதல் ஆசிரியர்க்கு ஒரு நிமிட வேலை; மாணவர்க்கோ இருமடங்கு நூல்கள் திறக்கும்.

உயர்கல்விக்குச் சென்றால் எல்லாம் ஆங்கிலத்தில் அன்றோ, தமிழிற் கற்பது வீண் அன்றோ என்பார்க்கும் ஒரு சொல். இழை, மணி என்று பிரித்துப் பொருள் உணர்ந்த மாணவன், அயற்சொல்லைக் காணும்போது அதனுள்ளும் இழையையும் மணியையும் காண்பான். பொருளுணராது மனனஞ் செய்தவனுக்கு எம்மொழிச் சொல்லும் வெற்றோசையே.

இறுதியாக ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மை தொடங்கும் பருவத்திலே, வித்துநெல்லை ஊறவைத்துச் சாக்கிற் கட்டி முளைகட்டுவர். இரண்டாம் நாள் அச்சாக்கினுள்ளே கையை இட்டாற் சூடு தெரியும். வெயிலில் வைத்த சூடன்று அது; ஒவ்வொரு நெல்லின் கருவும், சென்ற போகத்து வெயிலைச் சேர்த்து வைத்த மாப்பொருளை எரித்து உயிர்க்கும் சூடு. பாடம் தொடங்குமுன் மாணவர் ஒவ்வொருவரையும் அச்சாக்கினுட் கையிடச் செய்யுங்கள். கைக்குச் சூடு தெரிந்தபின் சுவாசம் என்று கரும்பலகையில் எழுதுங்கள்.